பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

அண்ணன் லாரியில் அடிபட்டுக் கிடந்த அன்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நேர்ந்துகொண்டாள். இவன் ரெண்டு காலாலும் நடந்தால், பாபநாசம் மலைக்காட்டுச் சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கிற பட்டவராயனுக்குச் செருப்பு. அந்த நேர்ச்சை இந்த ஆடி அமாவாசைக்குத்தான் தீர்ந்தது.

காரை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறினோம். நிற்க இடமில்லை. அண்ணன் காலை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று அம்மா வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். காரையாரில் இறங்கியதும் ஒருவன், "ஐந்நூறு தாங்க, வரிசையில் நிக்காம காட்டிடுறேன்" என்று பின்னாலேயே வந்தான். ஐயன் வாசலிலேயே இப்படி! தாமிரபரணியில் முங்கி எழுந்த பிறகுதான் கோபம் தணிந்தது.

சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுவிட்டு, ராத்திரி தங்கப் போட்டிருந்த எங்கள் குடிலுக்கு வந்தால், பக்கத்துக் குடில்காரர்கள் வில்லுப்பாட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் யாரோ ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. அம்மா போய் ஒரு சத்தம் போட்டதும் நின்றது.

பாடியது ஒரு வயதான அம்மா. வீசுகோல் நாணில் விழ விழ மணிகள் குலுங்கின. முத்துப்பட்டன் கதை. செத்த பிறகு பட்டவராயனாகி நிற்பவன் அவன்தான். பொம்மக்கா, திம்மக்காவைக் கண்டு மயங்கிய பிராமணப் பிள்ளையிடம், அவர்களின் அப்பன், செருப்புத் தைக்கிற வாலப்பகடை சொல்கிறான்: பூணூலை அறு, செருப்புத் தைத்துக் காட்டு, அப்புறம் பெண் தருகிறேன். பட்டன் தோலை அறுத்துத் தைக்கிற இடத்தில் உடுக்கை மெதுவானது. அண்ணன் மடியில் புதுச் செருப்பு, தோல் வாசம் போகாமல். அவன் தையலை விரலால் தடவிக்கொண்டே கேட்டான்.

மாமனார் மாட்டை ஓட்டிப்போன திருடர்களை வெட்டிவிட்டு ஆற்றில் குனிந்த பட்டனை, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். அங்கே குடம் சட்டென்று நின்றுவிட்டது. அந்த அமைதியில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பாட்டி நடவு வயலில் பாடிக் கேட்ட வரிகளாம், தன்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தாள். வில்லுக்கார அம்மா முறைக்கவில்லை. அந்த வரி முடியும்வரை கோலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பட்டன் சிதையில் தீப்பாய உத்தரவு கேட்டு ரெண்டு பெண்களும் சிங்கம்பட்டி ராஜாவிடம் போகிற இடம் வந்ததும் அம்மா என் காதில், "ராஜா உடையில இங்கதான் உக்காந்திருப்பாரு" என்றாள். அவள் சொன்னது 2020-ல் காலமான கடைசி ஜமீன்தாரை. அவளுக்குப் பாட்டு ராஜாவும் அவரும் ஒருவரேதான்.

விடிந்ததும் பட்டவராயன் சன்னதி. பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்ய வேண்டும் என்று பஸ்ஸில் மூன்று முறை ஒப்பித்தவள், ரெண்டு பெண்டாட்டிகளோடு நிற்கிற அவனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அண்ணன் செருப்பைத் தலையில் வைத்து வந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து வைத்தான். மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொன்ன முழங்கால். அம்மா சாமியிடம் கேட்டது ஒன்றுதான்:

"அளவு சரியா இருக்காய்யா?"

எனக்கு அதற்கு மேல் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கண்ணை மறைத்துவிட்டது. பின்னால் நின்ற கூட்டம் தள்ளியதுகூட உறைக்கவில்லை. என்னப்பனே, என்னப்பனே என்றுதான் வாயில் வந்தது.

வெளியே வரும்போது, மாட்டியிருந்த பழைய காணிக்கைச் செருப்புகளை அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறவன் போட்டு நடப்பதால் அவை தேயும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றின் குதிகால் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"அடுத்த வருஷம் வந்து நம்மளோடதப் பாக்கணும்" என்றாள் அண்ணனிடம். அவன் அதற்குள் பஸ்ஸுக்கு இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான்.