பெட்டரி நல்லம், டேர்மினல்தான் பிரச்சினை

ரெண்டு கிழமையா கார் என்னை அலைக்கழிச்சிட்டுது, வெள்ளவத்தையில காலி வீதி சிக்னல்ல நிக்கேக்க டாஷ்போர்ட் லைட் எல்லாம் நூந்து எஞ்சினும் நிண்டு, மணிக்கூடு ரீசெட் ஆகி, கொஞ்ச நேரத்தால ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் வரும். கராஜ்ல புதுப் பெட்டரி போடச் சொல்லிச்சினம். எனக்கு மனம் வரேல்ல, ஏனெண்டா மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுது, அது முழுச் சார்ஜ்.

பிறகு தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு மீட்டரின்ட ஒரு முனையை பெட்டரி போஸ்ட்டிலயும் (பெட்டரிக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற ஈயக் குத்தி) மற்றதை கிளாம்பிலயும் (அதைக் கவ்விப் பிடிக்கிற வயர் முனை) வச்சன், அந்த இணைப்பிலயே 0.9 வோல்ட் வீணாப் போகுது! 0.2க்கு மேல போனாலே அந்த கனெக்ஷன் சரியில்லை. கிளாம்பை கையால திருப்ப அசையுது, உள்ளுக்கு வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கிடக்கு. கடல் காத்துப் படுற பக்கம் கார் நிப்பாட்டுற ஆக்கள் கட்டாயம் பாருங்கோ.

முதல் நெகட்டிவ்வைத்தான் கழட்டோணும், பூட்டேக்க அது கடைசி. அப்பச்சோடா கரைச்ச சுடுதண்ணி ஊத்தி, கம்பி பிரஷ்ஷால மினுங்கும்வரை தேச்சுக் காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேல வஸ்லின் பூசினன். கார் போடிக்குப் போற எர்த் வயரின்ட நட்டும் லூஸ், அதையும் இறுக்கினன். இப்ப மீட்டர் 0.05தான் காட்டுது, நேற்று நீர்கொழும்பு போய் வந்தன், ஒருக்காவும் நூரேல்ல.