கடற்காற்றில் நிற்கும் கார்: தை முதல் ஐப்பசி வரை நானே செய்து பார்த்தவை

வண்டியோடு வந்த கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்று போட்டிருக்கிறது. திருவொற்றியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வெட்டவெளியில் நிற்கிற காருக்கு அந்தக் கணக்கு போதாது. எங்களுடையது 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோயம்புத்தூரில் சித்தப்பாவிடம் இதே மாடல், இதே வருடத்து வண்டி இருக்கிறது. எங்களுடையதைவிட இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது, ஆனால் அதன் அடியில் கையை விட்டுத் தடவினால் வெறும் மண்தான் ஒட்டும், எங்களுடையதில் துரு உதிரும். இந்தப் பக்கம் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். கையேட்டின் பின்பகுதியில், தூசியிலும் கரடுமுரடான ரோட்டிலும் குறைந்த தூரமே ஓட்டுகிறவர்களுக்கென்று தனி அட்டவணை ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் யாரும் அதைப் புரட்டுவதில்லை. நான் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

எந்த வேலை யார் கையில் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். காற்று, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பேட்டரி, விளக்கு, ஃபில்டர், கழுவுவது எல்லாம் நான். பிரேக், ஸ்டியரிங், வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை எல்லாம் தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் பாய். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார், கேட்டால் சொல்கிறார். நல்ல மெக்கானிக்குக்கு நான் வைத்திருக்கும் முதல் அடையாளமே அதுதான்.

தை: டயர்

பொங்கல் முடிந்ததும் காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கினேன். பெட்ரோல் பங்க்கில் பிடிக்கிறோமே, அப்புறம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பங்க் வரை ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறிவிடும், அங்கே சரியாகக் காட்டுவது காலையில் குளிர்ந்த டயரில் குறைவாக இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிற அளவு குளிர்ந்த டயருக்கானது. ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் அதற்குத் தனி அளவும் அதிலேயே இருக்கும். அதனால் விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே அளக்கிறேன், நாலு டயரையும் ஸ்டெப்னியையும் சேர்த்து.

அடுத்து டயரின் வயது. டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம். எங்கள் ஸ்டெப்னியில் 1114 என்றிருந்தது. அதாவது வண்டியோடு வந்ததிலிருந்து மாற்றவே இல்லை. பட்டன், அதாவது தரையில் படும் பகுதியில் இருக்கும் மேடுபள்ளம், அப்படியே புதிதாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு. தேயாத டயரும் கிழமாகும். பட்டன் விஷயத்தில் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள், அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதுதான் கடைசி எல்லை. என்னைக் கேட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயரை மாற்றிவிடுவது நல்லது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

ஸ்டெப்னி மாற்றிப் பழகியதும் இதே மாதத்தில்தான். சமமான தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இங்கே ஒரு சிக்கல், உப்புக்காற்றில் நட்டு இறுகி, வண்டியோடு வந்த குட்டி வீல் ஸ்பேனருக்கு அசையவே இல்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி நீளமாக்கியதும் வந்தது. கம்பி பிரஷ்ஷால் போல்ட்டின் மரையைத் துருபோகத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சிலர் அதில் கிரீஸ் தடவச் சொல்வார்கள், தடவவில்லை. கிரீஸ் இருந்தால் அதே பலத்துக்கு நட்டு தேவைக்கு மேல் இறுகி போல்ட்டையே இழுத்துவிடும் என்றார் பாய். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசியாக ஒருமுறை இறுக்க வேண்டும், கொஞ்ச தூரம் ஓடியதும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வண்டியோடு வருகிற ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடக் கூடாது, ஒரு நிமிட வேலைக்குக்கூட.

வாசலில் பழகிவிட்டோம் என்பதற்காக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் உரசிக்கொண்டு போகும் பக்கமாக உட்கார்ந்து மாற்ற மாட்டேன். அங்கே பஞ்சரானால் நாலு பக்க விளக்கையும் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டி ஒரு பங்க்குக்குள்ளோ அகலமான இடத்துக்கோ போய்விட வேண்டும். டயர் கிழிந்தால் கிழியட்டும்.

மாசி, பங்குனி: துருவும் தண்ணீரும்

இதில்தான் நிறைய நேரம் போனது, நிறையக் கற்றதும் இதில்தான். உப்பு போக வண்டியைக் கழுவு என்பது எல்லோரும் சொல்வது. எந்தத் தண்ணீரில் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு, மீஞ்சூர் பக்கம் வரை கடல்நீர் நிலத்துக்கடியில் ஏறியிருக்கிறது. அதில் கழுவிக் காயவிட்டால் உப்பு திரும்பவும் தகட்டின்மேல் படிகிறது, கண்ணாடியில் வெள்ளைத் திட்டாக அதைப் பார்க்கலாம். அதைவிட மோசம் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகப் போகிறதே என்று அதைப் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தரை துடைக்க ஆகும், காருக்கு ஆகாது. நான் இப்போது செய்வது, முதலில் போர் தண்ணீரில் மண்ணை இறக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் ஒரு வாளி, உடனே துணியால் துடைப்பு. ஒரு வாளி நல்ல தண்ணீரின் அருமை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதற்கு மேல் எடுப்பதில்லை.

மேலே பளபளப்பது முக்கியமில்லை, தண்ணீர் தேங்கும் இடங்கள்தான் முக்கியம். ஒவ்வொரு கதவின் கீழ்விளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற. எங்கள் வண்டியில் பின்கதவு இரண்டிலும் மண்ணடைத்து மூடியிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் குத்தியதும் செந்நிறத் தண்ணீர் கொட்டியது. வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் தெருமுனை வேப்பமரத்துச் சருகு மட்கிக் கிடந்தது, அங்கே அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளேயே வந்துவிடும். இரண்டையும் இப்போது கழுவும்போதெல்லாம் பார்க்கிறேன்.

வலது பின்கதவின் அடியில் பெயின்ட் கொப்புளமாக உப்பியிருந்தது. பாய் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல பெயின்ட் அடிச்சா ஆறு மாசம்கூட தாங்காதும்மா, உள்ளேர்ந்து வருது" என்றார். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துரு தடுக்கும் பிரைமர் அடித்துப் பிறகு பெயின்ட் என்பது அவர் சொன்ன வழி. ஈரக்காற்றில் செய்தால் பிரைமரே நிற்காது, நல்ல வெயில் வேண்டும் என்பதால் சித்திரையில் செய்தோம்.

சித்திரை: பேட்டரி, கூலன்ட், பிரேக் ஆயில்

கத்திரி வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைகிறது, அதை உணர்வது மழைக்காலத்தில் செல்ஃப் எடுக்காதபோதுதான். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் பூசினேன். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் நெருப்பு கூடாது. மலிவான மல்டிமீட்டர் ஒன்று போதும்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான், எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

கூலன்ட்டைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பார்க்க வேண்டும், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருப்பது திறந்தவுடன் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, நம்ம பக்கத்துத் தண்ணீரை நிச்சயமாக ஊற்றக் கூடாது.

பிரேக் ஆயில்தான் நான் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொல்ல விரும்புவது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும், அப்போது பெடல் வெறுமனே உள்ளே போகும், வண்டி நிற்காது. கிலோமீட்டரே ஓடாத வண்டியிலும் இது நடக்கும், ஏனென்றால் ஈரம் காலத்தோடு ஏறுவது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், கடலோரத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது. பாய் சக்கரத்துக்குச் சக்கரம் பழைய ஆயிலை வெளியேற்ற, நான் உள்ளே உட்கார்ந்து அவர் சொல்லும்போது பெடலை அழுத்திப் பிடித்தேன். வெளியே வந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. புதியது ஏறிய பிறகு பெடல் காலுக்குத் திடமாக நிற்பது உடனே தெரிந்தது.

ஆடி: காற்று, தூசி, டிரெய்லர்

ஏர் ஃபில்டரைக் கழற்றுவது கிளிப் திறக்கிற வேலைதான். மணலி ரோட்டில் தினமும் போய்வரும் வண்டிக்குக் கையேடு சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே கறுத்துவிடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நின்றது, அதற்கு முன்பு ராயபுரத்தில் கொடியில் காய்கிற துணியே கறுக்கும் என்று அம்மா சொல்வார். இப்போது லாரிப் புழுதி.

கடற்காற்றால் முன்கண்ணாடியில் படியும் மெல்லிய உப்புப் படலம் பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் விளக்கு அதில் பட்டால் கண்ணாடி முழுக்க வெளிச்சமாகப் பரவி ரோடே தெரியாமல் போகும். வெளியே மட்டுமல்ல, உட்பக்கத்தையும் துடைக்க வேண்டும். ஓரத்தில் பின்விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரை முன்கூட்டியே பார்ப்பது இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். டிரெய்லருக்குப் பின்னால் மூன்று விநாடி இடைவெளி, அதாவது 50 மீட்டர் விடுகிறேன். நடுவில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும், மறுபடியும் பின்வாங்கிக்கொள்வேன். டிரைவரின் பக்கவாட்டுக் கண்ணாடி (மிரர்) நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நாம் தெரியவில்லை. 40 அடி கன்டெய்னர் இடது பக்கம் திரும்பும்போது முன்பகுதி வலது பக்கம் ஒதுங்கிப் போகும், இடம் கிடைக்கிறதே என்று இடதுபுறம் நுழைந்தால் பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி வந்து நசுக்கிவிடும். இரு சக்கர வண்டிகளுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. டிரெய்லர் முழுக்கத் திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே நிற்பதுதான் ஒரே வழி.

ஐப்பசி: மழை

மழைக்கு முன்பே வைப்பர் ரப்பரை மாற்றினேன், எல்லா விளக்கையும் சுவரில் அடித்துப் பார்த்தேன். வாசலில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டுக் கட்டை வைக்கிறேன். ஈரத்தில் பல நாள் நின்றால் பின்சக்கர பிரேக் டிரம்மில் பிரேக் லைனர் ஒட்டிக்கொள்கிறது. சரிவான இடத்தில் இது கூடாது.

தண்ணீர் தேங்கினால் என்ன செய்வது என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களுக்கு மழை நாளில் போகவே போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். மற்ற இடங்களில் சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் திரும்பிவிடுவேன். தண்ணீரைத் தாண்டி வந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவைக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பல கார்கள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்த்தவர்களின் வண்டிகள்தான் பாய் ஷெட்டுக்கு எஞ்சின் வேலைக்கு வந்தன. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். முழுகிய காரில் சாவியே போடாமல், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்தமாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக இப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் தராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இந்தமுறை புதுப்பிக்கும்போது சேர்த்துவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: புதிய ஸ்டெப்னி வந்துவிட்டது, கதவடியில் அடித்த பிரைமர் இந்த மழையிலும் கொப்புளிக்காமல் நிற்கிறது. ஆனால் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் அடித்தகட்டில் புதிதாக ஒரு துருக்கோடு தெரிகிறது. பாயிடம் காட்டினேன், "தை பொறக்கட்டும்மா, வெயில் வந்ததும் ஏத்திப் போட்டு அடிப்பக்கம் மொத்தமா கோட்டிங் குடுத்துடலாம்" என்றார். அதுவரை மழை விட்ட நாட்களில் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.