ஆர்.ஓ. மெஷினைப் பிரித்து ப்ளீச் விட்டுக் கழுவிய அனுபவம்

வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மெஷினில் தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், குளோரினை எடுக்கும் கார்பன் ஃபில்டர் இரண்டையும் மாற்றும் நேரம் வந்தது. இந்த முறை அதோடு நிறுத்தாமல் டேங்க், உள்குழாய்கள், டேப் எல்லாவற்றையும் பிரித்துக் கிருமிநீக்கம் செய்தேன். டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாடையும் இல்லை, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பு) மீட்டரில் எண்ணும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை மட்டும்தான், அதை வைத்து உப்பின் அளவைச் சொல்கிறது. டேங்கில் பாக்டீரியா படலம் கட்டியிருந்தாலும் அதே எண்தான் வரும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் வேலையை எங்கே கவனமாகச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உப்பைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய சவ்வுதான் மெம்பிரேன். வீட்டு மெம்பிரேன்கள் இப்போது பெரும்பாலும் பாலியமைடு படலம், குளோரின் பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் முன்னாலேயே கார்பன் வைத்துக் குளோரினை எடுத்துவிடுகிறார்கள். 1959 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய முதல் பயனுள்ள மெம்பிரேன் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது, அது குளோரினை ஓரளவு தாங்கும். பின்னால் வந்த பாலியமைடு உப்பை இன்னும் நன்றாகத் தடுக்கிறது, ஆனால் குளோரினைத் தாங்காது. ஆக, கார்பனைத் தாண்டியதும் தண்ணீரில் கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. மெம்பிரேன் பாக்டீரியாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், சரி, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் டேங்குக்குள் காற்று போகிறது, டேப் வாயைக் கையும் பாத்திரமும் தொடுகின்றன. யூவி (புற ஊதா) விளக்கு தன்னைக் கடந்து போகும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்யும், டேங்கில் தேங்கி நிற்பதை அது பார்த்துக்கொள்ளாது. என்னைக் கேட்டால் டேங்க் கழுவுவதைத்தான் முதல் வேலையாக வைப்பேன், மெம்பிரேன் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

பிரிப்பதற்கு முன் மெம்பிரேனின் நிலையைப் பார்த்தேன். இதற்கு டேப் தண்ணீரை அளக்கக் கூடாது, பல மெஷின்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு வால்வு மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிடும். மெம்பிரேனிலிருந்து வரும் குழாயைக் கழற்றி நேராக ஒரு டம்ளரில் பிடித்து அளந்தேன். ஓடவிட்ட உடனே 112 காட்டியது, பத்து நிமிடம் ஓடியபின் 58. இரவு முழுக்க மெஷின் சும்மா நிற்கும்போது உப்பு மெல்ல மெம்பிரேனைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிடும், அதனால் முதலில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு மெம்பிரேன் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே வரும் தண்ணீர் 640, வெளியே 58, அப்படியானால் 91 சதவீத உப்பு நிற்கிறது. புதிதில் இது 95க்கு மேல் இருக்கும், 80 பக்கம் இறங்கினால் மாற்றிவிடலாம். இதை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்தேன். மெம்பிரேனை வெளியே எடுத்து, நல்ல தண்ணீர் கொஞ்சம் விட்டு ஜிப் கவரில் மூடி வைத்தேன், காயவிடக் கூடாது. பழைய செடிமென்ட், கார்பன் குப்பைக்குப் போய்விட்டன. மெம்பிரேனுக்குப் பின்னால், டேங்குக்கு முன்னால் இருக்கும் இன்னொரு கார்பன் ஃபில்டரான போஸ்ட் கார்பனையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு துண்டுக் குழாயை வைத்து இணைத்தேன், இல்லாவிட்டால் ப்ளீச்சை எல்லாம் அதுவே உறிஞ்சிவிடும்.

ப்ளீச் வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 50,000 மில்லிகிராம், ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி விட்டால் ஏறக்குறைய 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்). டேங்குக்கு அந்தக் கணக்கில்தான் கலந்தேன். ஆனால் முதலில் மென்மையான ஸ்பாஞ்சால் மூலை முடுக்கு, ஃப்ளோட்டின் அடி, மூடியின் உள்பக்கம் எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். படலத்தின் மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் மேல்பரப்பு மட்டும் சாகும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். தேய்த்த பிறகு விளிம்புவரை நிரப்பி, டேப்பைத் திறந்து ப்ளீச் வாடை வரும்வரை விட்டு மூடி, அரை மணி நேரம் அப்படியே வைத்தேன். உள்குழாய்களுக்கு, செடிமென்ட் ஃபில்டர் இருந்த காலிக் கிண்ணத்தில் (பவுல்) 10 மில்லி ஊற்றி, மூடி, யூவியை அணைத்துவிட்டு, டேங்குக்கு வரும் குழாய் முனையில் வாடை வரும்வரை பம்ப்பை ஓட்டி நிறுத்தினேன். கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்கட்டும். உப்புக்கறை போக வினிகரோ சிட்ரிக் அமிலமோ பயன்படுத்துபவர்கள் அதை வேறொரு நாள் செய்யுங்கள், ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன சமையலறையில் அது உண்மையிலேயே ஆபத்து.

அலசுவதற்குத்தான் அதிக நேரம் போனது. வாடை போய்விட்டது என்று மூக்கை நம்பாமல், நீச்சல் குளத்துக்கு வைத்திருக்கும் குளோரின் ஸ்ட்ரிப்பால் (குளோரின் இருந்தால் நிறம் மாறும் தாள்) பார்த்தேன், மெம்பிரேன் உட்காரும் கூடான ஹவுசிங்கில் குளோரின் மிச்சமிருந்தால் கழுவிய பலனே போய் மெம்பிரேன் பாழாகிவிடும். ப்ளீச்சைத் தள்ளி வெளியேற்றியபின் புது செடிமென்ட், புது கார்பன் போட்டு, கார்பனிலிருந்து வரும் தண்ணீரை வாளியில் விட்டேன். முதலில் கறுப்பாக வரும், அந்தத் தூள் மெம்பிரேனுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து, ஹவுசிங் வழியாக ஓடியதிலும் ஸ்ட்ரிப் நிறம் மாறாதபோதுதான் மெம்பிரேனைத் திரும்ப வைத்தேன், இரண்டு சிறிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும் முனை உள்ளே போகும்படி. பிறகு துண்டுக் குழாயை எடுத்துவிட்டுப் புது போஸ்ட் கார்பன். பவுலின் பெரிய ஓ-ரிங்கைத் துடைத்து, உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினேன், பெட்ரோலியம் ஜெல்லி சிலவகை ரப்பரை உப்ப வைத்துவிடும். பவுலைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் லேசாக ஒரு திருப்பு போதும். இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து இரவெல்லாம் விட்டேன், காலையில் காய்ந்தே இருந்தது.

முதலில் நிரம்பிய தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு இரண்டாவதைக் குடித்தோம். மெம்பிரேனிலிருந்து வரும் தண்ணீர் பத்து நிமிடம் ஓடியபின் 57, அதாவது குளோரின் அதைத் தொடவில்லை. சில வாரங்கள் கழித்து டேங்க் சுவரைத் தடவினேன், விரலில் வழவழப்பு இல்லை, உரசினால் கிறீச்சென்றது. அடுத்தது யூவி விளக்கு. நீலமாக எரிகிறதே என்று விட்டுவிட முடியாது, ஓராண்டு வாக்கில் அதன் 254 நானோமீட்டர் கதிர் குறைந்துவிடும். புது விளக்கு வந்ததும் அதைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.