ஆயர் இல்லத்திலிருந்து வந்த அனுமதி

இந்துக் குடும்பத்தில் பிறந்தவரை ஆலயத்தில் வைத்து மணமுடிக்க, சென்னையில் எங்கள் பங்குத்தந்தையின், அதாவது எங்கள் ஆலயத்துக் குருவின், சம்மதம் கிடைத்தால் போதும் என்றே கத்தோலிக்கர்களான நானும் என் பெற்றோரும் எண்ணியிருந்தோம். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவருக்கும் பெறாதவருக்கும் நடக்கும் திருமணம் விதிவிலக்கு என்ற சிறப்பு அனுமதி இல்லாமல் திருச்சபையில் செல்லாது என்றும், அதை அளிக்கும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கும் அவருடைய முதன்மைக் குருவுக்குமே உண்டு என்றும், விண்ணப்பத்தை எழுதி அனுப்புவது மட்டுமே தம் பொறுப்பு என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

சிறுவயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியபோது எடுத்த திருமுழுக்குச் சான்றிதழை நீட்டினேன். ஆறு மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்று திருப்பித் தந்துவிட்டார். நான் திருமுழுக்குப் பெற்ற குமரி மாவட்டப் பங்கு ஆலயம் அப்போது கோட்டாறு மறைமாவட்டத்தில் இருந்தது. 2014 டிசம்பரில் குழித்துறை தனி மறைமாவட்டமானபோது அதனுடன் சேர்ந்துவிட்டது. எந்த ஆயர் இல்லத்துக்குப் போவது என்று குழம்பினேன். ஆனால் பதிவேடு எப்போதும் பங்கிலேயேதான் இருக்கும் என்பதால் நேரே ஊருக்குப் போனேன். தடித்த பேரேட்டில் நீல மையில் என் பெயர் இருந்தது. அதே வரிசையில் உறுதிபூசுதலின் தேதி நிரம்பியிருக்க, திருமணத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. வேறெங்காவது திருமணம் நடந்திருந்தால் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும் என்பதால்தான் புதிய சான்றிதழ் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

நான் மணக்கவிருந்தவர் வீட்டில் எல்லோரையும் கலங்க வைத்தது வாக்குறுதிப் படிவம். மதம் மாறச் சொல்வார்களோ என்று அத்தை அஞ்சினார். உண்மையில், விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியது நான் மட்டுமே. அந்த வாக்குறுதியைப் பற்றி மணக்கவிருப்பவருக்குத் தெரிவித்தால் போதும். அவரும் வாக்களிக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-இல் நீக்கிவிட்டார். இதைப் பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இந்த விளக்கத்தை முதல் நாளே இரு குடும்பங்களையும் உட்காரவைத்துச் சொல்வது எவ்வளவோ மனவருத்தத்தைத் தவிர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று ஞாயிறும் ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து முடிப்பதற்குள் அனுமதிக் கடிதமும் வந்து சேர்ந்தது.

திருமணம் முடிந்ததும் சென்னைப் பங்கிலிருந்து ஊர்ப் பங்குக்குத் தகவல் அனுப்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பேரேட்டைக் காட்டும்படி கேட்டேன். வெறுமையாக இருந்த கட்டத்தில் அவர் பெயரும் ஆலயத்தின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன.