கூட்டுப் பட்டா

அப்பா போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, பேச்சுதான் நின்றுபோனது. இலவம்பாடிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க எல்லாப் பெண்களுக்கும் வந்தது, அப்புறம் நான் ஏன் கையெழுத்துப் போடவேண்டும்? போடவில்லை. இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. பொங்கலுக்கு அண்ணி மட்டும் போன் செய்வார், பின்னால் அண்ணனின் டிவி சத்தம் கேட்கும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோதுதான் அண்ணனே கூப்பிட்டார். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாம்மா?" எங்கள் தெருவுக்கு வரவில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு பை நிறைய முள்ளுக் கத்தரிக்காயோடு வாசலில் நிற்கிறார் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே காய்தான்). சின்ன வயதில் முள் குத்தும் என்று நான் அதைத் தொடவே மாட்டேன், அதனால் ஒவ்வொரு காயிலும் காம்பு முள்ளைக் கிள்ளிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

நிலம் இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் கிடக்கிறது. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போகிறோம், டீசல் காசு யார் தருவது என்று இப்போதே தகராறு.