ஏஆர் காலர் டீச்சரான கதை

முதலில் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சுற்றி வளைத்துக் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். தாய்லாந்துப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, மாதம் 22,000 பாட். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேலே போகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் விட்டுவிட்டு வந்த வேலையில் நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்ததும் ஏறக்குறைய இதேதான். ஆக, 'பையன் ஃபாரின்ல செட்டில் ஆயிட்டான்' என்று சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பாஸ்புக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

நான் இருப்பது தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் என்று சொல்லும் பகுதியில், உபோன் ராட்சதானி மாகாணத்தில். ஒரு பக்கம் லாவோஸ், இன்னொரு பக்கம் கம்போடியா. கடல் கிடையாது. தாய்லாந்து என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும் எதுவுமே இங்கே கிடையாது. ஜூலையில் பௌத்தர்களின் மழைக்கால விரதம் தொடங்கும்போது பெரிய பெரிய மெழுகுச் சிற்பங்களை வண்டியில் வைத்து ஊர்வலம் விடுவார்கள், அப்போது மட்டும் வெளியூர்க் கூட்டம் வரும். மற்ற நாளெல்லாம் வயல், கோவில், பள்ளிக்கூடம், மாலையில் சந்தை.

இங்கே வருவதற்கு முன்னால் ஓ.எம்.ஆரில் மெடிக்கல் பில்லிங். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தெருவுக்கு ஒருத்தராவது ஏஆர் காலராக இருந்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் ஒரு டாக்டர் வைத்தியம் பார்த்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பில் அனுப்புவார், அவர்கள் பணம் தராமல் இழுத்தடிப்பார்கள், 'ஏன் சார் தரவில்லை' என்று நம் ஊரிலிருந்து ராத்திரி முழுக்கப் போன் போட்டுக் கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. சிஓ 29 என்றால் கெடு தாண்டிப் பில் அனுப்பியிருக்கிறீர்கள், போய்ட்டு வாங்க என்று அர்த்தம். சாயங்காலம் கேப் வரும், விடியும் முன்னால் வீட்டில் இறக்கிவிடும், ஊரே எழுந்து பால் பாக்கெட் வாங்கும் நேரத்தில் நாம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி நடுவில் கொஞ்ச காலம் கிடைத்தது. புதிதாக வரும் பேட்சுகளுக்கு வாய்ஸ் ட்ரெயினிங் எடுக்கச் சொன்னார்கள். ஆரணி, திண்டிவனம், விருத்தாசலம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பசங்க. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், காலேஜில் பரீட்சைக்கு மனப்பாடம், வாய் திறந்து ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசியதே கிடையாது. 'டிட் யூ வென்ட்' என்று ஆரம்பித்த பையன் சில வாரங்களில் டெக்சாஸில் இருக்கும் ஒரு பெண்மணியிடம் கிளெய்ம் ஏன் நிற்கிறது என்று பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பான். அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்புறம் ட்ரெயினிங் டீமைச் சுருக்கினார்கள், என்னைக் குவாலிட்டிக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றுதான் பெயர். வேலை என்னவென்றால் மற்றவர்கள் பேசிய போன் கால்களை ஹெட்செட்டில் கேட்டு மார்க் போட வேண்டும், 'எம்பதி ஸ்டேட்மென்ட் சொல்லவில்லை, மைனஸ் ஐந்து'. நான் ட்ரெயினிங் கொடுத்த பசங்களுக்கே மைனஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலையை விடப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. "ஏன்டா, வாத்தியார் வேலைதான் பார்க்கணும்னா இங்கேயே பி.எட். முடிச்சு டெட் எழுதியிருக்கலாமே, எதுக்கு அவ்வளவு தூரம்?" நியாயமான கேள்விதான். பி.எட்., அப்புறம் டெட், அப்புறம் டிஆர்பி, அப்புறம் போஸ்டிங் என்று வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை, தனியார் பள்ளியில் கொடுக்கும் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாது. அதை அப்படியே சொன்னேன். "சரி, அங்க சோறு கிடைக்குமா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இனி பாஸ்போர்ட் விஷயம். வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ் பிள்ளைகளின் வீடியோக்கள். டிகிரி ஒன்று, ஆன்லைனில் ஒரு டெஃபில் (வெளிநாட்டவருக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் பயிற்சி) சர்டிஃபிகேட், விமானம் ஏறு, கடற்கரையில் போட்டோ போடு. அந்த வழி நமக்குப் போட்டது இல்லை. தென்கொரியாவில் அந்த வேலைக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தாய்லாந்தில் அப்படிச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தவில்லை, அதனால்தான் பிலிப்பைன்ஸ்காரர்கள் இங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் என்னைப் போல ஓரிரு இந்தியர்களும். ஆனால் வேலை விளம்பரத்திலேயே இரண்டு சம்பளம் போட்டிருப்பார்கள். நேட்டிவ் ஸ்பீக்கர் என்றால் 35,000, 40,000. மற்றவர்களுக்கு 18,000-லிருந்து 25,000 வரை. அதே வகுப்பு, அதே புத்தகம், அதே கேட் ட்யூட்டி. எங்கள் பள்ளியில் எனக்கு முன்னால் இருந்தவர் தென்னாப்பிரிக்கர். வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசி வளர்ந்தவர், இங்கிலீஷ் பள்ளியில் கற்றது என்று அவரே சொல்வார். அவருக்கு நேட்டிவ் சம்பளம். நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை யாராவது எனக்கு விளக்கினால் தேவலை.

நமக்கு இன்னொரு பரீட்சையும் உண்டு. இங்கிலீஷ் தெரியும் என்று நிரூபிக்க டோய்க் எழுதி 600 வாங்க வேண்டும், மொத்தம் 990. அல்லது ஐஇஎல்டிஎஸில் 5.5. டோய்க்கில் கேட்டலும் படித்தலும் சேர்த்து இருநூறு கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடு வகை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கோ வேலை கொடுத்திருப்பது ஸ்பீக்கிங் வகுப்பு எடுக்க.

காகிதங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. டிகிரி ஒரிஜினலை மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தாய்லாந்துத் தரப்பு என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும், போலீஸ் சர்டிஃபிகேட் தனி. 'நான்-பி' என்கிற வேலை விசாவைச் சென்னையில் இருக்கும் தாய் துணைத் தூதரகம் வழியாகவே வாங்கினேன், அது ஒரு சௌகரியம். இங்கே வந்தபிறகு ஒர்க் பெர்மிட். 'குருசபா' என்று இவர்களுடைய ஆசிரியர் கவுன்சில் இருக்கிறது, பி.எட். இல்லாதவர்களுக்காக அங்கிருந்து பள்ளி ஒரு தற்காலிக அனுமதி வாங்க வேண்டும், அது இரண்டு வருடத்துக்கு. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை போனால் விசாவும் போகும், இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வேலையை விட்டால் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம், இங்கே அந்த வசதி கிடையாது.

சரி, வகுப்புக்கு வருவோம். மத்தயோம் இரண்டு, நம் எட்டாம் வகுப்பு. ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். எல்லாருக்கும் வீட்டில் வைத்த செல்லப்பெயர் உண்டு, பள்ளியிலும் அதுதான் புழங்கும், சான்றிதழில் இருக்கும் நீளப்பெயரை யாரும் தொடுவதில்லை. பேங்க், ஐஸ், கோல்ஃப், ஃபர்ஸ்ட், பாஸ். பீர் என்று ஒரு பையன். முதல் வாரம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பீர்' என்று கூப்பிட எனக்கே வாய் வரவில்லை, அவன் பாட்டுக்கு எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பந்து என்கிற 'பால்' பெயர் வைத்த பையனும் உண்டு, ஆனால் வகுப்பில் எல்லாரும் அவனைக் கூப்பிடுவது 'பான்'. தாய் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' வராது, எழுத்தில் இருந்தாலும் வாயில் 'ன்' ஆகிவிடும். ஃபுட்பால் 'ஃபுட்பான்', ஸ்கூல் 'சகூன்'. கடைசி 'ஸ்' பாதி நேரம் காணாமலே போகும், ரைஸ் வெறும் 'ரை'. இதை எப்படிச் சரிசெய்வது என்று புத்தகத்தில் இருந்த பயிற்சிகளெல்லாம் செய்து பார்த்து ஒன்றும் நடக்காமல், ஒருநாள் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும், மூக்கு வழியாகக் காற்று விடக்கூடாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றேன். பெண் பிள்ளைகள் பவுடர் டப்பாவில் இருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து நாக்கைப் பார்த்துக்கொண்டு 'பால், பால், பால்' என்று ஆரம்பித்தார்கள், நாற்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொல்ல, பால் மேஜைக்கு அடியில் போய்விட்டான். மூக்கைப் பிடித்தால் 'ன்' வராது, அவ்வளவுதான் தந்திரம். அடுத்த வாரம் பாதிப் பேர் பழையபடி பான் என்றார்கள், மீதிப் பாதி பால் என்றார்கள். எனக்கு அது போதும்.

இலக்கணத்தில் இன்னொரு வேடிக்கை. தாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருவம் மாறாது. முடிந்த காரியம் என்றால் பின்னால் 'லேவ்' என்று சேர்த்துவிட்டால் போதும். அதனால் 'ஐ ஈட் ரைஸ் ஆல்ரெடி' என்பார்கள், 'யெஸ்டர்டே ஐ கோ' என்பார்கள், அதில் என்ன தப்பு என்று உண்மையிலேயே புரியாது. என் திண்டிவனத்துப் பசங்களுக்கு நேர் எதிர் வியாதி, நம் வினைச்சொல்லில் காலம் ஒட்டிக்கொண்டே இருப்பதால் ஒரு வாக்கியத்தில் கிடைத்த வினைக்கெல்லாம் இறந்தகாலம் போட்டுவிடுவார்கள், 'டிட் யூ வென்ட்' அப்படி வந்ததுதான். இரண்டு தவறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் எனக்குப் பாடம் நடத்தவே வந்தது. பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறவருக்கு இது கண்ணில் படாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகச் சொல்லித்தருகிற நேட்டிவ் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சம்பளத்தை இரண்டாகப் பிரிக்கிறவர்கள் இதையும் ஒரு தகுதியாகச் சேர்க்கலாம்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரு' நடக்கும், ஆசிரியர்களுக்கு மரியாதை செய்யும் நாள். வியாழன் குருவுக்கு உரிய நாள் என்பது இவர்களுக்கும் உண்டு. வகுப்புக்கு வகுப்பு தட்டில் பூ அலங்காரம் செய்து கொண்டுவருவார்கள். என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். இட்லிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ, நெல்பொரி. எங்கள் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா வாங்கி வரும் அருகம்புல் இங்கே வாத்தியாருக்கு வருகிறது. பக்கத்தில் இருந்த தாய் டீச்சர் காரணம் சொன்னார், அருகம்புல் எங்கே விழுந்தாலும் வேர்விட்டுப் படரும், படிப்பும் அப்படிப் படர வேண்டும், கத்தரிப்பூ தலை கவிழ்ந்திருக்கும், அதுதான் அடக்கம். சொல்லிவிட்டு, "நேற்றுப் பூராவும் பிள்ளைகள் இந்தத் தட்டைத்தான் செய்தார்கள், ஒரு பாடமும் நடக்கவில்லை" என்று சலித்துக்கொண்டார். பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து விழுந்து கும்பிட்டார்கள். ராத்திரி ராத்திரி போனில் திட்டு வாங்கியே பழகிய எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆபீஸ் தொல்லை எதுவுமே இல்லை போல என்று நினைத்துவிட வேண்டாம். இதுவும் ஆபீஸ்தான். 'லைன்' என்கிற மெசேஜ் ஆப் குரூப்பில் ராத்திரி ஒன்பது மணிக்கு நாளைக்கு ரோஸ் கலர் சட்டை போட்டு வரவும் என்று செய்தி வரும். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றத்துக்கு வெயிலில் நிற்க வேண்டும். பாடம் தயார் செய்துகொண்டு போனால் வகுப்பு காலியாக இருக்கும், எல்லாரும் மைதானத்தில் ஊர்வல ஒத்திகை, யாரும் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். பிள்ளைகளைப் பெயில் போடுவது லேசில்லை, பூஜ்யம் வாங்கியவனுக்கு மறுபடி மறுபடி வேலை கொடுத்து, தேற்றித்தான் ஆக வேண்டும். எல்லாம் முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் கட்டாயமாக இருக்கும் நாட்டில்தான். 2023-இல் ஈஎஃப் என்கிற கல்வி நிறுவனம் வெளியிட்ட இங்கிலீஷ் திறன் பட்டியலில் 113 நாடுகளில் தாய்லாந்துக்கு 101-ஆவது இடம், அந்தச் செய்தி வந்ததும் ஆசிரியர் அறையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

வர நினைக்கிறவர்களுக்கு: வீட்டு லோன், கார் லோன் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் வராதீர்கள், இந்தச் சம்பளத்தில் ஓடாது. ஏஜென்சி வழியாக வந்தால் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, மார்ச் மாதம் பள்ளி மூடிய பிறகு ஏப்ரலைச் சேமிப்பில்தான் ஓட்டினேன். சோங்க்ரான் வருடப்பிறப்பும் நம் சித்திரை ஒன்றும் ஒரே சமயத்தில் வரும், ஊருக்குப் போக டிக்கெட் போடலாம் என்றால் கையில் காசு இருக்காது. பள்ளியே நேரடியாக எடுத்தால் பன்னிரண்டு மாதச் சம்பளம் கேளுங்கள், கொடுக்கிற பள்ளிகள் இருக்கின்றன. விசா வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று கேட்கிறவன் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டோய்க் மார்க் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், எனவே ஆர்வத்தில் முதலில் அதை எழுதிவிட்டு டிகிரி முத்திரைக்கு அலைய வேண்டாம், முத்திரை முதலில்.