வேளாங்கண்ணிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் ஒற்றையாகிப் போனவர்கள், வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள் என்று பலர் யாரிடமும் சொல்லாமல் வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறார்கள். எந்த நாளில் போவது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை குடும்பம் குடும்பமாக, காவி உடுத்திய பாதயாத்திரைக் குழுக்களாகக் கூட்டம் நெரியும். திருவிழா அழகுதான்; ஆனால் தனிமையில் வாடுகிறவருக்கு அந்த நெரிசல் புண்ணைக் கிளறும். சனி, ஞாயிறும் தவிருங்கள். திங்கள் மதியம் போய்ச் சேர்ந்து புதன் காலை திரும்பினால் இரண்டு இரவு கிடைக்கும். அவசரமில்லாமல் உட்கார அது வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து 12 கிலோமீட்டர்தான், பேருந்து நிறைய. ஒற்றை ஆளுக்கு அறை தரத் தயங்கும் விடுதிகள் உண்டு. ஆதார் அட்டையின் அசலோடு, பேராலயத்தின் தங்குமிட அலுவலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

போனதும் மெழுகுவர்த்தி, உலோகக் கை, கால், இதய உருவம், தென்னங்கன்று என்று கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். நேர்ச்சை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு மெழுகுவர்த்தி போதும். "துணை கிடைத்தால் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன்" என்று அங்கேயே புதிய பொருத்தனைகளை அடுக்காதீர்கள். ஊர் திரும்பியபின் அவையே கடனாக நெஞ்சை அழுத்தும்.

பேராலயத்துக்கும் பழைய மாதா குளத்துக்கும் இடையிலான மணல்பாதையில் முழந்தாளிட்டு நடப்பவர்களைப் பார்க்கலாம். செய்வதானால் விடியற்காலையில். பத்து மணிக்கு மேல் மணல் சுடும். சர்க்கரை நோய், மூட்டுவலி உள்ளவர்கள் அதே பாதையில் காலால் நடந்து ஜெபமாலை சொல்லலாம். மாதா கணக்குப் பார்க்கமாட்டாள். 53 மணிகள் கோத்த ஜெபமாலையை ஒருமுறை சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். ஜெபமாலையோடு தியானிக்கும் இயேசு, மாதா வாழ்வின் நிகழ்ச்சிகளை மறையுண்மைகள் என்பார்கள்; செவ்வாயும் வெள்ளியும் துயர மறையுண்மைகளுக்கு உரிய நாள்கள். முதல் மறையுண்மையே கெத்செமனித் தோட்டம்: இயேசு வியர்வை இரத்தமாக ஜெபிக்க, கூட வந்த சீடர்கள் தூங்கிவிடுகிறார்கள். தனித்துவிடப்பட்டவருக்கு நிதானமாகத் தியானிக்க அந்த மறையுண்மைக்கான பத்து மணிகளே போதும், மீதியை விட்டாலும் குற்றமில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட, வரிசையில் நிற்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: தனிமை பாவம் அல்ல. "எனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி" என்று அதையே குற்றமாக அறிக்கையிடுகிறவர்கள் அதிகம். கோபம், பொறாமை, பேசாமல் முறித்துக்கொண்ட உறவு இவை இருந்தால் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தால் சாமியாருக்கு ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் பாவமன்னிப்புப் பெற்றபின், தனியாகப் பேச ஒரு நேரம் கேளுங்கள்.

பிறகு ஆராதனை ஆலயம். நற்கருணைநாதர் (அப்ப வடிவில் இருக்கும் இயேசு) முன்னால் எதுவும் பேசத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பது வழக்கம்தான். வார்த்தை வேண்டுமென்றால் வேதாகமத்தின் திருப்பாடல் 88. புலம்பலாகத் தொடங்கும் பாடல்கள் பலவும் நம்பிக்கையில் முடியும். இது அப்படி முடிவதில்லை. அன்பரும் தோழரும் விலகிப்போனதையும் இருளையும் சொல்லியே நின்றுவிடும். அதுவும் வேதாகமத்தில் ஜெபமாகத்தான் இருக்கிறது. அழுகை வந்தால் கடைசி வரிசைக்குப் போய்விடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள்தான் கடினம். வீடு முன்னைவிட வெறிச்சென்று தெரியும். உடனே இன்னொரு திருத்தலத்துக்குச் சீட்டு எடுப்பது பலரின் பழக்கம். அதைவிட உங்கள் பங்கில் (உங்கள் ஊர்க் கோயிலின் எல்லையில்) அன்பியம் எந்தத் தெருவில், எந்தக் கிழமை கூடுகிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் கூட்டம் அது. ஒரு வாசகம், பகிர்வு, மன்றாட்டு, அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் பகிர்வு வரும்போது பேசாமலிருந்தாலும் பரவாயில்லை. படியேற முடியாதவர்கள் மரியாயின் சேனை என்ற பக்தசபைக்குச் சொல்லிவிட்டால் இருவராக வீட்டுக்கு வருவார்கள். கோயிலுக்கு வரமுடியாதவருக்கு நற்கருணை வீட்டுக்கே வரும். பங்குச்சாமியிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள். வரும் அன்று மேசையில் ஒரு வெள்ளைத் துணி, சிலுவை, எரியும் மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும்.